மூன்றாம் பெட்டியின் கறுப்புச் சுவர்

மாரிக்குப்பத்திலிருந்து விடிவதற்கு முன் கிளம்பும் பெங்களூரு ரயிலில் மூன்றாவது பெட்டி எங்களுடையது. ரயில்வேக்கு இது தெரியாது, எங்களுக்குத் தெரியும். புது ஆள் யாராவது தப்பித்தவறி அந்த ஜன்னலோரத்தில் உட்கார்ந்தால், "அது ஷோபா சீட்டுங்க, கோரமண்டல்ல ஏறுவாங்க" என்று நாலு பேர் ஒரே குரலில் சொல்வோம். அவரும் வம்பு எதற்கு என்று எழுந்துவிடுவார்.

அந்த சீட்டில் உட்காருகிறவள் காற்று வாங்குவாள் என்று நினைத்தால் அதுதான் இல்லை. ஷோபா வந்ததும் முதல் வேலையாக ஷட்டரை இறக்குவாள். வழியில் விடிந்து லேப்டாப்பில் வெயில் பட்டால் அவளுக்கு வேலை ஓடாது. ஐந்து பேர் வியர்வையில் நனைந்துகொண்டு வருவோம், அவள் மட்டும் திரையில் ஒரு சுவரை உற்றுப் பார்த்துக்கொண்டிருப்பாள். முதல் நாள் நான் கேட்டேன், என்ன வேலை என்று. "செவுத்துக்கு வெளிச்சம் சரி பண்றேன்ணா" என்றாள். எலக்ட்ரீஷியன் என்று நினைத்து, எங்கள் வீட்டு ட்யூப்லைட் விட்டுவிட்டு எரிவதைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டேன். அவளும் பொறுமையாகக் கேட்டு, ஸ்டார்ட்டரை மாற்றச் சொன்னாள். மாற்றினேன், எரிந்தது.

ஷோபாவுக்கு முப்பத்து மூன்று வயது. கோரமண்டலில், தங்கச் சுரங்கத் தொழிலாளருக்காக ஒட்டி ஒட்டி வரிசையாகக் கட்டிய லைன் வீட்டில் பிறந்து, அதே வீட்டில் இன்றும் அம்மாவோடு இருக்கிறாள். ஊரிலேயே பி.எஸ்சி. முடித்துவிட்டு ராபர்ட்சன்பேட்டையில் ஒரு போட்டோ ஸ்டூடியோவில் கல்யாண ஆல்பம் சரிசெய்யும் வேலைக்குப் போனாள். மாப்பிள்ளை மேல் ஃபிளாஷ் அதிகம், பெண்ணின் மூக்கு நிழல் கன்னத்தில், மாமனார் பாதி இருட்டில். இதையெல்லாம் ஒரே சீராக்குவது அவள் வேலை. அதில் கெட்டிக்காரி. ஆனால் பெண்ணைக் கொஞ்சம் சிவப்பாக்கிக் கொடுங்கள் என்று யாராவது வந்தால் அவ்வளவுதான். "நிழல் தப்பா வுழுந்துருந்தா சரி பண்றேன். மூஞ்சிய மாத்தணும்னா வேற ஆள பாருங்க" என்று முகத்துக்கு நேரே சொல்லிவிடுவாள். கடைக்காரர் தலையில் அடித்துக்கொள்வார். ஒரு நாள் அவர் கொஞ்சம் பலமாக அடித்துக்கொண்டதில், ஷோபா பெங்களூருக்கு வேலை தேடிப் புறப்பட்டாள்.

கிடைத்தது ஒரு வீடியோ கேம் கம்பெனி. கம்பெனி என்றால் பெரிதாக ஒன்றுமில்லை, ஒரு மாடியில் பன்னிரண்டு பேர். நடத்துகிறவர் மமதா என்ற கன்னடப் பெண்மணி. அவர்கள் செய்த விளையாட்டின் பெயர் 'நம்மூரு'. அதில் சண்டை கிடையாது, துப்பாக்கி கிடையாது. ஒரு வெட்டவெளி இருக்கும், கல், பலகை, ஓடு எல்லாம் இருக்கும். விளையாடுகிறவர்கள் விரும்பியதைக் கட்டிக்கொள்ளலாம். கம்பெனியே ஒரு வீட்டைக் கட்டி வைத்திருந்தால், எங்கே வெளிச்சம் எங்கே நிழல் என்று ஒரு தடவை பார்த்துப் பூசிவிட்டால் போதும். இங்கே நாளைக்கு எவன் எந்த மூலையில் என்ன கட்டுவான் என்று யாருக்கும் தெரியாது. கட்டக் கட்ட விளையாட்டே கணக்குப் போட்டுக்கொள்ள வேண்டும். அங்கேதான் கோளாறு வரும். ஒரே கல், ஒரே சுண்ணாம்பு, ஆனால் ஒரு சுவர் வெள்ளையாகவும் பக்கத்துச் சுவர் சாம்பலாகவும் தெரியும். பெயிண்டர் பாதி வேலையில் டீ குடிக்கப் போய்விட்ட மாதிரி இருக்கும். அதைச் சரிசெய்வதற்குத்தான் ஷோபாவுக்குச் சம்பளம்.

இரண்டு வருடத்துக்கு முன் அவளுக்குச் சோதித்துப் பார்க்க ஆள் தேவைப்பட்டது. ரயிலில் நாங்கள் வெட்டியாகத்தானே வருகிறோம். எங்கள் போனிலெல்லாம் நம்மூருவை ஏற்றிக் கொடுத்தாள். "ஆளுக்கொரு ரூமு கட்டுங்க, எங்க கெட்டுப் போவுதுன்னு நான் பாத்துக்கறேன்" என்றாள். வேடிக்கையாக ஆரம்பித்தது, முப்பத்தெட்டு பேர் ஆகிவிட்டோம்.

எங்களுக்கு அதில் அப்படி என்ன ஆசை என்று வெளியூர்க்காரர்களுக்குப் புரியாது. பெட்டியில் பாதிப் பேர் மூடிப்போன சுரங்கக் கம்பெனியின் பழைய குவார்ட்டர்ஸில் இருக்கிறவர்கள். மூன்று தலைமுறையாக இருக்கிறோம், காகிதம் எங்கள் பேரில் இல்லை. ஒரு ஜன்னலைப் பெரிதாக்க வேண்டும் என்றாலும், நாளைக்குக் காலி பண்ணச் சொன்னால் என்ன செய்வது என்று கை நின்றுவிடும். நம்மூருவில் அந்தப் பயம் இல்லை. நான் என் பங்குக்குப் பெரிய சமையலறை கட்டினேன். கழிவறை கட்ட மறந்துவிட்டேன் என்று இன்றைக்கும் கிண்டல் செய்கிறார்கள்.

நாங்கள் கட்டிய விதத்தைப் பார்த்து மமதா அதிசயப்பட்டாராம். மற்ற ஊர்க்காரர்கள் எல்லாம் தனித்தனி வீடு, நாலு சுவர், சுற்றிக் காம்பவுண்டு என்று கட்டுவார்கள். நாங்கள் யாரும் சொல்லாமலே ஒரே வரிசையாகக் கட்டினோம். ஒருவர் முடித்த சுவரிலிருந்து அடுத்தவர் தொடங்குவார். இரண்டு அறைக்கு நடுவில் ஒரே சுவர். லைனில் பிறந்தவனுக்கு வேறு எப்படிக் கட்டத் தெரியும்? இருக்கிற சுவருக்குப் பக்கத்தில் இன்னொரு சுவர் வைப்பது எங்களுக்கு வீண் வேலையாகத்தான் தோன்றும்.

வரிசையின் கடைசியில் ஒரு குன்று. அதைக் குடைந்து உள்ளே அறை கட்டியவர் தசரதன். நந்திதுர்க்கில் குவார்ட்டர்ஸில் இருக்கிறார், ஐம்பத்தேழு வயது. சுரங்கம் மூடுகிற வரைக்கும் ஒன்பது வருடம் கீழே வேலை பார்த்தவர், இப்போது ஒயிட்ஃபீல்டில் ஒரு அடுக்குமாடிக்குக் காவல். ஏன் குன்றுக்குள் போனீர்கள் என்று கேட்டால், "மலைய பாத்தா கொடையத்தான்பா தோணுது, இன்னா பண்றது" என்பார். சுரங்கத்தில் ஆழத்தை லெவல் கணக்கில் சொல்வார்கள், அதனால் நாங்கள் அந்த அறைக்குப் பத்தாம் லெவல் என்று பேர் வைத்தோம். அவரும் சிரித்துக்கொண்டு வாசலில் அதையே எழுதி வைத்துவிட்டார். அந்த அறையை அவர் பார்த்துக்கொண்டது போல நாங்கள் யாரும் எங்கள் அறையைப் பார்த்துக்கொள்ளவில்லை. தினமும் ஒரு கல்லையாவது மாற்றி வைப்பார்.

அவருக்குப் பக்கத்து இடம் கடைசியாகச் சேர்ந்த ஏகநாதனுக்குப் போயிற்று. ஆண்டர்சன்பேட்டையில் ஃபேன்சி ஸ்டோர் வைத்திருப்பவர். சரக்கு எடுக்க வாரத்தில் நாலு நாள் எங்களோடு வருவார். தாத்தா காலத்திலிருந்தே சொந்த வீடு, காம்பவுண்டு எல்லாம் உண்டு. எங்கள் கூட்டத்தின் மேல் ஆசைப்பட்டுத்தான் சேர்ந்தார். மூன்று பெரிய ஜன்னல் வைத்து, கல்யாண மண்டபம் மாதிரி வெளிச்சமாக ஒரு அறை கட்டினார். நாலாவது சுவர் தசரதன் ஏற்கெனவே வைத்தது. அந்தச் சுவர் மட்டும் அடுப்புக்கரி பூசினது போல் கறுப்பாக நின்றது.

ஏகநாதன் ஒரு நாள், இரண்டு நாள் பொறுத்தார். பிறகு ஒரு காலையில் கேட்டே விட்டார்.

"தசரதன், உங்க செவுரு என் ரூமையே கெடுக்குது."

"செவுரு இன்னாங்க பண்ணும். லைட்டு கோளாறு, ஷோபா பாக்கறேன்னு சொல்லிகீது."

"அது எப்ப ஆவுறது? நீங்க அத எடுத்துடுங்க. நான் எனக்குன்னு ஒண்ணு வச்சிக்கறேன்."

தசரதன் போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். எடுத்துவிடுங்கள் என்ற சொல் அவரை எங்கே குத்தியிருக்கும் என்று எங்களுக்குத் தெரியும், ஏகநாதனுக்குத் தெரியாது. அன்றிலிருந்து நாலு மாதம் இரண்டு பேரும் பேசவில்லை. எதிரெதிர் சீட்டு, முழங்கால் முட்டும். ஏகநாதன் பங்காருபேட்டையில் வேகவைத்த வேர்க்கடலை வாங்குவார். தசரதனுக்கான பங்கை என் கையில் கொடுப்பார், நான் அவருக்குக் கொடுப்பேன். நடுவில் எனக்கும் ஒரு பிடி தங்கிவிடும் என்பதால் இந்தச் சண்டையில் நான் தலையிடவில்லை.

அந்த மாதிரிப் புகார் வேறு ஊர்களிலிருந்தும் வர ஆரம்பித்தது. சேர்ந்து கட்டிய கட்டடம் என்றாலே சுவர் திட்டுத்திட்டாகத் தெரிகிறது என்று எழுதினார்கள். ஒரு செவ்வாய்க்கிழமை மமதா முடிவு செய்துவிட்டார். பலர் சேர்ந்து ஒன்றைக் கட்டும் வசதியே வேண்டாம், திங்கட்கிழமை வரும் புதுப் பதிப்பில் எடுத்துவிடலாம். எடுத்துவிட்டால் சேர்ந்து கட்டியவை கலைந்து, அவரவர் வைத்த கல் அவரவர் பைக்குத் திரும்பிவிடும். ஷோபா மன்றாடி வெள்ளிக்கிழமை வரைக்கும் நேரம் வாங்கினாள். மமதா ஒரு நிபந்தனை போட்டார். "உங்க ரயில் ஆளுங்க முப்பத்தெட்டு பேரும் பார்த்து, சரின்னு அழுத்தணும். ஒருத்தர் அழுத்தலைன்னாலும் எடுத்துடுவேன்."

மறுநாள் காலை ரயிலில் இதை ஷோபா சொன்னபோது ஆளுக்கு ஆள் போனைத் திறந்து எங்கள் அறையைப் பார்த்தோம். தசரதன்தான் முதலில் பேசினார்.

"காலி பண்ணச் சொல்றாங்களாமா?"

"அப்படித்தான் மாமா ஆயிடும். நான் பாக்கறேன்."

"இங்கயுமா" என்றார் அவர், அவ்வளவுதான். போனில் இருக்கிற கல்லுக்கு இவ்வளவா என்று கேட்கிறவர்கள், அன்று அவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

கோளாறு எங்கே என்று ஷோபாவுக்குத் தெரியும். விளையாட்டு ஒவ்வொரு கல்லிடமும் முதலில் கேட்கிற கேள்வி, உன்னை வைத்தது யார் என்பது. வைத்தவருடைய கற்களை எல்லாம் ஒரு கூட்டமாகச் சேர்க்கும். அந்தக் கூட்டத்தின் நடுவில் வெளிச்சம் எவ்வளவு என்று அளக்கும். அதையே எல்லாக் கல்லுக்கும் கொடுத்துவிடும். ஒருவரே கட்டிய வீட்டுக்கு இது சரி. தசரதன் கற்களின் நடுவோ குன்றுக்குள் இருக்கிறது. அந்த இருட்டை அவருடைய சுவர் ஏகநாதனின் அறைக்குள்ளும் கொண்டுபோய்க் காட்டியது.

புதன்கிழமை முழுக்க முயற்சி. முதலில் எல்லாவற்றுக்கும் வெளிச்சத்தைக் கூட்டிப் பார்த்தாள். ஏகநாதனின் கறுப்புச் சுவர் வெளுத்தது, ஆனால் என் சமையலறை தீப்பிடித்த மாதிரி ஆகிவிட்டது. அடுத்து, யார் வைத்தது என்று கேட்காமல் ஒவ்வொரு கல்லும் தனக்குத் தானே அளந்துகொள்ளட்டும் என்று விட்டாள். சாயங்கால ரயிலில் போனைத் திறந்தால் சுவரெல்லாம் சதுரங்கப் பலகை. ஒரு கல் வெள்ளை, பக்கத்துக் கல் கறுப்பு. மண்ணில் பாதி புதைந்த கல் ஒரு அளவு சொல்ல, மேலே இருக்கிற கல் வேறு அளவு சொன்னது. கட்டம் நன்றாக இருக்கிறது, இப்படியே விட்டுவிடலாம் என்று நான் சொன்னேன். ஷோபா என்னை முறைத்தாள். கோரமண்டலில் இறங்கும்போது அவள் கண் சிவந்திருந்தது.

வியாழக்கிழமை விடியற்காலையில் நடந்ததை ரயில் மாலூரைத் தாண்டும்போது அவள் என்னிடம் சொன்னாள்.

கிளம்புகிற அவசரத்தில் அவள் வீட்டு பல்பு ஃபியூஸ் ஆகிவிட்டது. லைன் வீட்டில் குறுக்குச் சுவர் கூரை வரைக்கும் போகாது, மேலே ஒரு முழம் திறந்தே இருக்கும். பக்கத்து வீட்டு கிருஷ்ணம்மா லைட் போட்டிருந்தார். அந்த வெளிச்சம் சுவருக்கு மேலாக வந்து ஷோபாவின் அறையில் விழுந்தது. அதில்தான் தலை வாரிக்கொண்டிருந்தாள். இந்தப் பக்கத்து ஓசையை வைத்தே அந்தப் பக்கம் எல்லாம் தெரிந்துகொள்கிறவர் கிருஷ்ணம்மா.

"இன்னா ஷோபா, பல்பு போச்சா?"

"ஆமாக்கா."

"ரயிலுக்குப் போ நீ. நான் லைட்ட அணைக்கல, உங்கம்மாவுக்கு ஆவும்."

ஷோபா சீப்பும் கையுமாக அந்தச் சுவரைப் பார்த்தாளாம். பொங்கலுக்கு லைனில் அவரவர் தங்கள் பக்கத்துக்கு மட்டும் சுண்ணாம்பு அடிப்பார்கள். ஷோபா வீட்டுப் பக்கம் நீலம், கிருஷ்ணம்மா பக்கம் பச்சை. எழுபது, எண்பது வருடத்துச் சுவர். அது யாருடையது என்று இதுவரை லைனில் யாரும் கேட்டதில்லை. நீலம் ஷோபா வீட்டைப் பார்க்கிறது, பச்சை கிருஷ்ணம்மா வீட்டைப் பார்க்கிறது, அவ்வளவுதான்.

"முப்பத்து மூணு வருசமா அத பாத்துக்கினுதானேணா கீறேன்" என்றாள் என்னிடம். "செவுரு யாருதுன்னு கேட்டதுதான் தப்பு. எந்த ரூம பாக்குதுன்னு கேட்டுருக்கணும். செவுரு ஒண்ணா இருந்தாலும் பக்கம் ரெண்டு. இந்தப் பக்கத்துக்கு இந்த ரூம் வெளிச்சம், அந்தப் பக்கத்துக்கு அந்த ரூம் வெளிச்சம். நடுவுல எங்கனா தெறந்து கீதுன்னா, இங்க கீற வெளிச்சம் அங்க போவட்டும்."

எனக்குப் பாதிதான் புரிந்தது, அவளுக்கு முழுதாகப் புரிந்துவிட்டது என்பது மட்டும் நன்றாகத் தெரிந்தது. அதற்குப் பிறகு அவள் இறங்கும் கன்டோன்மென்ட் ஸ்டேஷன் வரும் வரைக்கும் தலை நிமிரவில்லை. டீக்காரன் இரண்டு தடவை வந்து போனான். அன்று நாங்கள் யாரும் ஷட்டரைப் பற்றி முணுமுணுக்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலை ஷோபா திருத்திய சோதனைப் பதிப்பு எங்கள் போனுக்கு வந்தது. பங்காருபேட்டை வருவதற்குள் எல்லோரும் திறந்துவிட்டோம். நான் என் அறையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தேன். நாலு சுவரும் ஒரே சீராக, மூலைக்குப் போகப் போகக் கொஞ்சம் மங்கி, உண்மையான அறையில் இருப்பது போலவே இருந்தது. திட்டு இல்லை, கோடு இல்லை. ஏகநாதன் தன் நாலாவது சுவரைப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி பார்த்தார். மற்ற மூன்றைப் போலவே அதுவும் வெள்ளையாக இருந்தது. 'சரி'யை அழுத்திவிட்டுப் பெட்டி முழுக்கக் காட்டினார். முப்பத்தேழு பேர் அழுத்திவிட்டார்கள் என்று ஷோபாவின் திரை சொன்னது.

மிச்சம் இருந்தது தசரதன். அவர் போனை மடியில் வைத்துக்கொண்டு சும்மா இருந்தார். நான் எட்டிப் பார்த்தேன். திரையில் ஒன்றுமே இல்லை. முன்பாவது அங்கங்கே சாம்பல் தெரியும். இப்போது கணக்கு சரியாகிவிட்டது, குன்றுக்குள் இருக்கும் அறைக்கு வெளிச்சம் கிடையாது என்று அது நேர்மையாகச் சொல்லிவிட்டது. ஒரே சீரான இருட்டு.

"பத்தாம் லெவல்ல லைட்டு ஏதுபா" என்று சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு வரவில்லை. "எல்லாருக்கும் நல்லாகீது இல்ல, நான் அழுத்திடறேன். எனக்கோசரம் எல்லாத்தையும் கலைக்கணுமா?"

"இருங்க மாமா, அழுத்தாதீங்க" என்றாள் ஷோபா. அவள் விரல் விசைப்பலகை மேல் நின்றது. அந்த ஒரு அறைக்கு மட்டும் இல்லாத வெளிச்சத்தைப் போட்டுவிட அவளுக்கு ஒரு நிமிடம் போதும். போட மாட்டாள் என்று எனக்குத் தெரியும். போட்டால் அது ஆல்பத்தில் முகத்தை வெளுக்கிற வேலை. தசரதனுக்கும் அது பிடிக்காது. ஆனாலும் அந்த விரல் விசை மேலேயே நின்றது, அவள் போடாததில் எனக்குக் கோபமும் வந்தது, பாவமாகவும் இருந்தது. தோற்றுவிட்டோம் என்று நினைத்தேன்.

அப்போது ஏகநாதன் பேசினார். என்னைப் பார்த்து அல்ல, எதிர் சீட்டைப் பார்த்து.

"தசரதன், அந்த நடுச் செவுத்துல மேல் வரிசைய எடுத்துடுங்க."

தசரதன் நிமிர்ந்து பார்த்தார். வைத்தவர்தான் எடுக்க முடியும், அது விளையாட்டின் விதி.

"எடுத்தா உங்க ரூம் தொறந்துக்கும். உங்க பக்கத்துலேர்ந்து பாத்தா செவுரு மொட்டையா தெரியும்ங்க."

"தெரியட்டும். என் ரூம்ல மூணு ஜன்னல் கீது. ஷோபா நேத்து கிருஷ்ணம்மா வூட்டு லைட்டப் பத்திச் சொல்லிச்சு, கேட்டுக்கினுதான் இருந்தேன்." அவர் முன்னால் குனிந்தார். "அன்னைக்கு எடுத்துடுங்கன்னு சொன்னது தப்பு. முழுசா எடுக்க வாணாம். ஒரு வரிசை போதும்."

தசரதன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். ஒரு கல், இரண்டு கல் என்று வரிசையாக எடுத்தார், மொத்தம் பதினொன்று. கடைசிக் கல் போனதும் மேல் மூலையில் மெல்லிசாக வெளிச்சம் வந்தது. கூரையின் அடியில் பரவி, எதிர்ச் சுவரில் இறங்கி, அவர் நாளுக்கொன்றாக மாற்றி மாற்றி வைத்த கற்களை எல்லாம் காட்டியது. எல்லாக் கல்லும் ஒரே நிறம், கீழே போகப் போக இதமாக மங்கல். பெட்டியில் பாதிப் பேர் எழுந்து நின்று அந்தச் சின்னத் திரையைப் பார்த்தோம்.

"இது நீ போட்ட லைட்டாமா?" என்று கேட்டார் தசரதன்.

"நான் ஒண்ணும் போடல மாமா. அவரு ஜன்னல்லேர்ந்து வருது."

தசரதன் திரையில் அறையை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். பிறகு 'சரி'யை அழுத்தினார். ஷோபா உடனே மமதாவுக்கு அனுப்பினாள். ஒயிட்ஃபீல்டுக்கு முன்பே பதில் வந்துவிட்டது, கட்டடங்கள் இருக்கட்டும் என்று. ஷோபா லேப்டாப்பை மூடிவிட்டு ஷட்டரை ஏற்றினாள். வெயிலும் காற்றும் ஒன்றாக உள்ளே வந்தன. தசரதன் இறங்குவதற்கு எழுந்து, ஏகநாதனின் தோளில் கை வைத்தார்.

"உங்க ரூம்ல பேசறது எல்லாம் இனிமே இங்க கேக்கும்ங்க" என்றார்.

"கேக்கட்டும்" என்றார் ஏகநாதன்.

திங்கட்கிழமையிலிருந்து வேர்க்கடலை என் கை வழியாகப் போவதில்லை. நேராகவே கொடுத்துக்கொள்கிறார்கள்.